கிணற்றுக்கு வந்த குஞ்சுகள்

அந்தத் தகர டப்பாவின் மூடியை நகத்தால் நெம்பித் திறந்தால் முதலில் பாச்சை உருண்டை வாசனை வரும், கொஞ்சம் பொறுத்து அதற்கு அடியிலிருந்து பழைய கோழி இறகின் வாசனை வரும். உள்ளே ஒரு பச்சைக் கம்பளித் துண்டில் ஆறு தூண்டில் முட்கள் வரிசையாகக் குத்தியிருக்கும். ஒவ்வொரு முள்ளையும் இறகாலும் பட்டு நூலாலும் சுற்றி மறைத்து, ஈ, வண்டு, தும்பி என்று ஏதோ ஒரு பூச்சியின் சாடையில் கட்டியிருந்தார்கள். ஒன்று மட்டும் முழுச் சிவப்பு. தம்பலப்பூச்சியைத் தவிர அந்த நிறத்தில் நான் எந்தப் பூச்சியையும் பார்த்ததில்லை.

டப்பா ஏழுமலை மாமாவுடையது. அம்மாவின் தம்பி. பதினைந்து வயதில் ஊட்டிக்குப் போய் ஒரு துரையின் பங்களாவில் அடுப்படி வேலை பார்த்து, துரை கப்பலேறியதும் இந்த டப்பாவையும் முழங்கையில் ஓட்டை விழுந்த ஒரு கம்பளிச் சட்டையையும் வாய் ஓயாத கதைகளையும் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். அங்கே ஐஸ் மாதிரி தண்ணீர் ஓடுகிற ஓடைகள் உண்டாம், அதில் 'டிரவுட்டு' என்று ஒரு மீனாம். துரை முழங்கால் தண்ணீரில் நின்று சாட்டையைச் சுழற்றுவதுபோலத் தூண்டில் நரம்பைச் சுழற்றி வீசினால், இறகு தண்ணீர் மேல் நிஜ ஈ மாதிரி வந்து உட்காருமாம், மீன் ஏமாந்து எகிறிக் கவ்வுமாம். பிடித்ததைத் துரை பாதி நேரம் தண்ணீரிலேயே விட்டுவிடுவாராம். "துன்றதுக்கு இல்லடி, வெளாட்டுக்கு" என்பார் மாமா. இதைக் கேட்டு ஊரே சிரித்தது. மண்புழுவையோ தவளையையோ முள்ளில் குத்திப் போட்டு, கிடைத்ததை அன்றைக்கே குழம்பு வைக்கிற ஜனங்களுக்கு, தின்னாமல் மீன் பிடிக்கிற மனிதன் ஒரு வேடிக்கைதான். மாமா அந்த முட்களைக் கட்டி எங்கள் ஏரியில் எத்தனையோ நாள் வீசிப் பார்த்தார். ஒரு கெண்டைகூட அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கள் ஊர் திருநின்றவூர் ஸ்டேஷனிலிருந்து அரை மணி நேர நடை. அறுபதுகளின் கடைசியில் அங்கே ஒரே வரிசையில் ஐந்து வீடுகள், வீடுகளுக்குப் பின்னால் ஐந்துக்கும் பொதுவாக ஒரு கிணறு, அதைத் தாண்டி ஏரிக்கரை. ஏரி நிரம்பினால் வழிந்து ஓடுகிற கலங்கல் ஒன்று கரையின் கோடியில் இருந்தது, அதற்குக் கீழே ஓடை. கோடையில் ஓடை வறண்டு, ஒரே ஒரு ஆழமான மடுவில் மட்டும் தண்ணீர் நிற்கும். தாத்தா காலம் வரை ஊரார் நிலத்தில் ஏர் ஓட்டிய குடும்பம் எங்களுடையது. நைனாதான் முதன்முதலாக அம்பத்தூரில் 'கம்பெனி வேலை'க்குப் போனவர். காலை பாசஞ்சரில் போய்ச் சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் வாசலில் சைக்கிளைச் சாத்திவிடுவார். அதிகம் பேசமாட்டார்.

எனக்குப் பதினொரு வயதான வருஷம், சித்திரையில் அம்மாவைப் பிரசவத்துக்குப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பன்னிரண்டு நாள் கழித்து அம்மா வயிற்றில் தையலோடு, வெறுங்கையோடு வந்தாள். "பாப்பா தங்கல" என்று பக்கத்து வீட்டுப் பச்சையம்மா அத்தை என் காதோடு சொல்லிவிட்டு, அம்மாவிடம் எதையும் கேட்கக் கூடாது என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நான் கேட்கவில்லை. அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள் திரும்பிப் படுத்தபடியே கிடந்தாள். சாயங்காலமானால் காய்ச்சல் வந்தது. தையல் ஒரு இடத்தில் மட்டும் சேராமல் கசிந்துகொண்டே இருந்தது. கஞ்சியை வாய் வரை கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்வாள்.

"வெரால் ஒண்ணு கெட்ச்சா போதும்டி கஸ்தூரி" என்று என்னிடம் சொன்னாள் பச்சையம்மா அத்தை. "ரெண்டு வேள கொழம்பு ஊத்தி துன்னா தையல் போட்ட எடம் சேந்துக்கும், ஒடம்பும் தேறும். இல்லாங்காட்டி எனக்கு இன்னாமோ பயமா கீது."

அத்தை பயந்து நான் பார்த்ததே இல்லை. பாம்பைக் கையால் தூக்கி வேலிக்கு அப்பால் எறிகிறவள் அவள். அவளே பயப்படுகிறாள் என்றால் அம்மா செத்துப்போகப் போகிறாள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. ஏரியை ஏலம் எடுத்தவர்கள் மாசியிலேயே வலை போட்டு வழித்துக்கொண்டு போய்விட்டார்கள், சந்தையிலும் விரால் இல்லை. ஆகவே மடுதான் கதி என்று நானும் மாமாவும் தூண்டிலோடு கிளம்பினோம்.

மூன்று நாள் வெயிலில் நின்றோம். மாமா கம்பளிச் சட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு துரை மாதிரியே நரம்பைச் சுழற்றிச் சுழற்றி வீசினார், அது பெரும்பாலும் அவர் காதிலும் கருவேல முள்ளிலும்தான் மாட்டியது. புழுவுக்கும் எதுவும் வரவில்லை. தவளைகளோ அந்த வறட்சியில் மண்ணுக்குள் போய்விட்டிருந்தன. நாலாம் நாள் உச்சி வெயிலில், மாமா புங்கமரத்தடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது, மடுவின் நடுவில் தண்ணீர் சிவப்பதை நான் பார்த்தேன்.

விரால் குஞ்சுகள். அதற்கு முன் விழுந்த ஒரு கோடை மழையில் பொரித்திருக்க வேண்டும். முறம் அகலத்துக்கு, நூற்றுக்கணக்கில், குங்குமத்தைக் கொட்டிக் கலக்கியதுபோலக் கூட்டமாக மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு ஒன்றாக இறங்கும், மறுபடி கொஞ்சம் தள்ளி மேலே வரும். அவற்றுக்கு நேர் கீழே தாய் இருக்கும் என்பது எங்கள் ஊரில் நடக்கப் பழகிய குழந்தைக்கும் தெரியும். அதைவிட நன்றாகத் தெரிந்தது இன்னொன்று. குஞ்சு சிவப்பாக இருக்கிற வரைக்கும் அங்கே யாரும் தூண்டில் போடக் கூடாது. சிவப்பு போய்க் கறுப்பு வந்து, குஞ்சுகள் பிரிந்துபோன பிறகுதான் பெரிய மீனுக்குக் கை நீட்டலாம். எங்கள் ஊர்க் குடிகாரன்கூட இதை மீறியதில்லை. இதற்குத் தண்டனை என்று எதுவும் கிடையாது, மீறினவர் யாரும் இல்லாததால் தண்டனை பற்றி யாரும் யோசிக்கவே இல்லை.

நான் டப்பாவைத் திறந்து சிவப்பு இறகை எடுத்தேன்.

முதல் வீச்சு தள்ளி விழுந்தது. இரண்டாவது சரியாகக் குஞ்சுகளின் நடுவில் போய் உட்கார்ந்தது. நரம்பை மெல்ல இழுத்தேன், இறகு தண்ணீர் மேல் துடித்தது, குஞ்சுகள் சிதறின. கீழேயிருந்து ஒரு பெரிய கறுத்த தலை எழும்பி, வாயைத் திறக்காமல், மூக்கால் இறகை ஓரமாகத் தள்ளிவிட்டு இறங்கியது. வாசலில் வந்து நிற்கிற நாயை விரட்டுவதுபோல அவ்வளவு சாதாரணமாக. பசித்த மீன் அப்படிச் செய்யாது. எனக்கு அது அப்போதே புரிந்தது, புரியவில்லை என்று இத்தனை வயசுக்குப் பிறகு நான் பொய் சொல்லப் போவதில்லை. மறுபடியும் குஞ்சுகள் மேலேயே வீசினேன். இந்தத் தடவை அது கோபத்தோடு வந்து கடித்தது.

என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை இருந்தது அந்த மீன். கரைக்கு இழுத்துப் போட்டு அதன் மேல் நான் குப்புற விழுந்து அமுக்கிக்கொண்டேன். சத்தம் கேட்டு எழுந்து வந்த மாமா தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னாடி பண்ணிட்ட" என்று மட்டும் சொன்னார். குஞ்சுகள் மறுபடி ஒன்று சேர்ந்து, மேலே வந்து, மூச்சு வாங்கிவிட்டு, போகிற திசை தெரியாமல் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. வாயாடி மாமா இதை யாரிடமும் சொல்லவில்லை.

இருட்டும் நேரத்தில் நைனா வந்து மண்சட்டியில் கிடந்த மீனைப் பார்த்தார்.

"எங்க புட்ச்சம்மா?"

"மதகாண்ட நைனா. தவள போட்டு."

அவர் குனிந்து மீனின் உதட்டைத் திருப்பினார். முள்ளை மாமா கழற்றிவிட்டிருந்தார், ஆனால் ஒரு சிவப்பு இழை பல்லில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை விரலால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "செரி, நீ போய் மொகம் கய்வு" என்றார். பிறகு அவரே சாம்பலைப் போட்டு மீனைக் கல்லில் தேய்த்துச் சுத்தம் செய்தார், அத்தை குழம்பு வைத்தாள், அவரே அம்மாவின் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊட்டினார். அவரும் நானும் அன்றைக்குப் பழைய சோறுதான் சாப்பிட்டோம்.

அம்மா பிழைத்தாள். விராலா, ஆஸ்பத்திரி மாத்திரையா, நைனாவின் கையா, எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தாள், ஒரு வாரத்தில் காய்ச்சல் விட்டது. எட்டாம் நாள் காலை நான் தண்ணீர் இறைக்கப் போய் வாளியைக் கிணற்றில் இறக்கினேன். வாளி தண்ணீரைத் தொடும் முன் உள்ளே எட்டிப் பார்த்தேன். கிணற்று நீர் சிவப்பாக இருந்தது.

அதே குஞ்சுகள். அதே முறம் அகலம். மேலே வந்து, மூச்சு வாங்கி, கீழே இறங்கி, சுற்றிச் சுற்றி. கயிற்றை விட்டுவிட்டு ஓடினேன். மடு எங்கே, கிணறு எங்கே, நடுவில் ஏரிக்கரையே இருக்கிறது. அவை என்னைத் தேடிக்கொண்டுதான் மண்ணுக்குள் வழி கண்டுபிடித்து வந்திருக்கின்றன என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. மற்றவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. தண்ணீர் தெளியட்டும், புழு பூச்சி இல்லாமல் இருக்கட்டும் என்று கிணற்றில் மீன் விடுவது வழக்கம்தான். "யாரோ புண்ணியவான் மீனு வுட்டுகீறான்" என்று அத்தை சொல்லிவிட்டு மறந்துபோனாள்.

கொடுமை என்னவென்றால், அம்மா நடமாட ஆரம்பித்ததும் முதலில் போய் நின்ற இடம் அந்தக் கிணற்றடி. மணிக்கணக்கில் நிற்பாள். சோற்றுப் பருக்கைகளை மசித்து ஒவ்வொன்றாக உள்ளே போடுவாள். ஒருநாள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். அம்மாவின் நிழல் தண்ணீரில் விழுந்திருந்த இடத்துக்குள் எல்லாக் குஞ்சுகளும் வந்து ஒண்டியிருந்தன. அவள் நகர்ந்தால் அவையும் நகர்ந்தன. அவற்றின் தாயைத் தின்றவள் அவள்தான் என்பது அவளுக்கும் தெரியாது, அவற்றுக்கும் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும். அதற்குப் பிறகு அந்தக் கிணற்றுத் தண்ணீரை நான் கண்ணை மூடிக்கொண்டுதான் குடித்தேன்.

நைனாவும் மாறிப்போயிருந்தார், அதை நான் அப்போதுதான் கவனித்தேன். ஆறு மணிக்கு வருகிறவர் விளக்கு வைத்த பிறகுதான் வந்தார். சாராயம் என்று ஊரில் ஒன்றிரண்டு பேர் கிசுகிசுத்தார்கள், ஆனால் அவர் மேல் அந்த நாற்றம் இல்லை. காலில் ஏரிச் சேறு மட்டும் இருந்தது. தினமும் மடுவுக்குப் போய் நான் செய்ததைப் பார்த்துவிட்டு வருகிறார் என்று நினைத்தேன். "இங்க வாம்மா" என்று கூப்பிட்டால் ஏதோ வேலை இருப்பதுபோல நழுவினேன். அவர் முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தினேன். முதலில் அது பயம். பழகப் பழக அதுவே எங்கள் வீட்டு நடைமுறையாகிவிட்டது, அப்பாவும் பெண்ணும் ஒருவர் போன பிறகு ஒருவர் வருகிற வீடு.

குஞ்சுகள் சிவப்பு போய்க் கறுத்தன. வளர வளர ஒன்றையொன்று தின்று குறைந்தன. இரண்டு வருஷத்தில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. மத்தியான வேளைகளில் எல்லோரும் கண்ணயரும்போது அது மேலே வந்து காற்று வாங்கும் 'களுக்' என்ற சத்தம் நடு வீடு வரை கேட்கும். நான் பள்ளிக்கூடப் பாடம் படிக்கும்போது அந்தச் சத்தத்துக்குக் காத்துக்கொண்டே படித்தேன். ஏழுமலை மாமாவுக்கு ஒரு டீக்கடையில் வேலை கிடைத்துத் திருமழிசைப் பக்கம் போனார். டப்பாவை எனக்கே கொடுத்துவிட்டுப் போனார், நான் அதைக் குப்பைக்குழியில் புதைத்தேன்.

எனக்குப் பதினேழு வயதானபோது மழை பொய்த்து, கிணறு அடிமண் தெரிய வற்றியது. தூர் வார இறங்கியவர்கள் ஒரு சேற்றுக் குட்டையிலிருந்து அந்த மீனைத் தூக்கிக் குடத்தில் போட்டு மேலே அனுப்பினார்கள். குடத்துக்கு வெளியே வால் நீட்டிக்கொண்டிருந்தது. கீழே இருந்தவன் "கொய்ம்புக்கு ஆச்சுபா" என்றான். நைனா வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, ஈரச் சாக்கில் அதைச் சுற்றி சைக்கிள் கேரியரில் வைத்தார். திருநின்றவூர் பெரிய ஏரியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. கிளம்பும்போது ஜன்னலில் நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்தார்.

"கூட வரியாம்மா?"

"தல நோவுது நைனா."

அவர் கொஞ்ச நேரம் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார். பிறகு மிதித்துப் போனார். அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலை மாற்ற முடியுமானால், மிச்சமிருக்கிற ஆயுசில் பாதியைக் கொடுத்துவிடுவேன்.

இரண்டு வருஷத்தில் பூந்தமல்லிப் பக்கம் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். அதற்கடுத்த வருஷம், கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நைனா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு, அம்மா அவருடைய பெட்டியைக் குடைந்து ஒரு காகித மடிப்பை என் கையில் கொடுத்தாள். உள்ளே ஒரு சிவப்பு இழை.

"இது இன்னான்னு தெரிதா?" என்றாள் அம்மா.

நான் உடைந்துபோய் எல்லாவற்றையும் கொட்டினேன். மடு, சிவப்பு இறகு, மதகு என்று சொன்ன பொய், கிணறு. அம்மா ஆச்சரியப்படவே இல்லை.

"நீ செஞ்சது அன்னிக்கே தெரியும் அவருக்கு. பாப்பா செத்தப்ப, அத ஆஸ்பத்திரிலயே வுட்டுட மனசு வரல அவருக்கு. துணிப்பையில சுத்தி, மடில வச்சிகினு, ரயில்ல தூக்கியாந்துட்டாரு. ஒருத்தர் கைலயும் குடுக்கல. கலங்கல் கல்லுலேந்து நாப்பது அடி தள்ளி, கரைல அவரே பள்ளம் தோண்டிப் பொதச்சாரு. நாயி நரி கிளறிடும்னு டெய்லி வேலை வுட்டு வந்து, இருட்டற வரைக்கும் அங்கியே நிப்பாரு. மாசக்கணக்கா நின்னாரு. அப்பத்தான் அந்தக் குஞ்சுங்க அநாதையா சுத்திகினு கீறத பாத்துகீறாரு. கொக்கு வந்து ஒண்ணொண்ணா கொத்திகினு போச்சாம். மத்தியானம் சோறு எட்த்துனு போன அடுக்குல தண்ணி மொண்டு, எட்டு நட நடந்து எல்லாத்தையும் கெணத்துல வுட்டாரு."

"என்ன ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"நம்ம பொண்ணு ஒன்ன பொழைக்க வைக்கத்தான் அத்த புட்ச்சா, அது புள்ளைங்கள நாமதான் பாத்துக்கணும்னாரு. நீ பெர்சா ஆனதும் சொல்றேன்னாரு. நீதான் அவர கண்டாலே ஓடுனியே. எம்பொண்ணுக்கு என்ன புடிக்கலன்னு சொல்லிச் சொல்லி மாஞ்சாரு."

நான் பயந்தது ஒரு மீனுக்கு. அதற்காக என் அப்பாவை ஒன்பது வருஷம் பட்டினி போட்டேன். இதை வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பல வருஷம் கழித்து ஆவடி சந்தையில் உயிர் விரால் விற்கிறவனிடம் பேச்சுவாக்கில் கேட்டேன், குஞ்சுகளோடு நிற்பது எப்போதும் தாய்தானே என்று. "ஆர் சொன்னா? பாதிக்கு மேல ஆம்பள மீனுதான் காவ நிக்கும் யக்கா" என்றான், தராசைத் துடைத்துக்கொண்டே. அது உண்மையா என்று நான் வேறு யாரிடமும் கேட்கவில்லை. மீன் வாங்காமல் திரும்பி வந்தேன்.

இப்போது அந்த ஓடை இல்லை, மடு இல்லை. ஐந்து வீடுகள் இருந்த இடத்தில் மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது, கிணற்றைச் சிமெண்ட் பலகை போட்டு மூடி அதன் மேல் தண்ணீர் மோட்டாரை வைத்திருக்கிறார்கள். கலங்கல் பக்கத்துக் கரையைச் சமன் செய்து, ஏதோ ஒரு நகர் என்று பெயர் வைத்து, மனை பிரித்து விற்றுவிட்டார்கள். போன மாசம் என் மகன் அங்கே ஒரு மனை மலிவாக வருகிறது என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனான். அவன் தரகரோடு பேசிக்கொண்டிருந்தபோது, உடைந்து மிச்சமிருந்த கலங்கல் கல்லிலிருந்து நான் அடி வைத்து எண்ணிக்கொண்டு நடந்தேன். அம்மா சொன்ன கணக்குக்குச் சரியாக ஒரு புது வீட்டின் கேட் வந்தது. உள்ளே கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு மூன்று சக்கர சைக்கிள் கவிழ்ந்து கிடந்தது. அந்த வீட்டுப் பையன் வெளியே வந்து, "யாரு வேணும் ஆன்ட்டி?" என்றான்.

"யாரும் இல்லப்பா, சும்மா நிக்கறேன்" என்றேன்.

அவன் உள்ளே போய்விட்டான். மகன் தூரத்திலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டான். மணி ஆறு இருக்கும். தெருநாய்கள் இரண்டு வந்து கேட்டோரம் முகர்ந்தன, குனிந்து கல்லெடுத்து அவற்றை விரட்டினேன். பிறகு நன்றாக இருட்டுகிற வரைக்கும் நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.